சின்ன டிரஸ்டுக்கு 12ஏபி (வருமான வரி விலக்குக்கான பதிவு) புதுப்பிக்கும் கெடு தவறிவிட்டது. இனி விண்ணப்பிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.

வருஷத்துக்கு நாலைந்து லட்சம்தான் வரவு, சம்பளத்துக்கு ஆள் இல்லை, பதிவு 2026 மார்ச் 31 வரைதான், 2025 செப்டம்பர் 30 கெடு கைநழுவிப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். டிரஸ்ட் பேரில் ஒரு மனையோ கட்டடமோ இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் இன்னும் அவசரம், அதை விற்று வரி கட்டும் நிலை வரலாம். அந்தப் பயத்தில் மூன்று மாதம் தூக்கம் தொலைத்தவன் சொல்கிறேன்.

எங்கள் டிரஸ்ட் 1998-இல் பதிவானது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பும் ஒரு சுண்டலும். ஒரு பெரியவர் எழுதிக்கொடுத்த ஓட்டு வீடுதான் எங்கள் ஒரே சொத்து. 12ஏ என்ற பழைய வரிவிலக்குப் பதிவு ஆயுசுக்கும் செல்லும் என்றுதான் இருந்தோம். 2020 நிதிச் சட்டம் அதை மாற்றிவிட்டது. பழைய டிரஸ்டுகளும் ஃபார்ம் 10ஏ போட்டு 12ஏபி-யில் மறுபடி பதிய வேண்டும், அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான் என்று 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே எங்கள் பொருளாளர் கொரோனாவில் போய்விட்டார். வருமான வரித் தளத்தில் இருந்த மெயிலும் செல்போன் எண்ணும் அவருடையவை. ஓடிபி எல்லாம் அணைந்து கிடந்த ஒரு போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மெயில் கூடப் பார்க்காமல் எப்படி டிரஸ்ட் நடத்தினீர்கள்?" என்று கேட்பவர்கள் கேட்கலாம். 23 வருஷம் ஒரு பைசா கணக்குத் தவறாமல் பார்த்தவர் அவர். அவர் இறந்த வீட்டில் போய் பாஸ்வேர்டு கேட்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு வருஷம் கழித்து அவர் மகனே கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டு பென்சிலால் எழுதியிருந்தது.

அதற்குள் கெடு போயிருந்தது. ஃபார்ம் போட்டுத் தருகிறேன் என்று வந்த ஒருவர், எங்களைப் புது டிரஸ்ட் என்று காட்டி மூன்று வருஷத் தற்காலிகப் பதிவு வாங்கிக் கொடுத்தார். சான்றிதழ் கைக்கு வந்ததும் நிம்மதியாகிவிட்டோம். அது தப்பான நிம்மதி. 2023-இல் வருமான வரிச் சட்டத்தின் 115டிடி பிரிவை விரிவாக்கினார்கள். பதிவுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்காத டிரஸ்டின் சொத்துகளைச் சந்தை விலைக்கு மதித்து, கடனைக் கழித்து, மிச்சத்துக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி. புது ஆடிட்டர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். பதினைந்து லட்சத்துக்கு மேல். அன்றைக்கு எங்கள் வங்கிக் கணக்கில் இருந்தது 1,12,000 ரூபாய். பிள்ளைகள் படிக்கிற வீட்டை விற்றால்தான் முடியும்.

எங்களைக் காப்பாற்றியது 2024 ஏப்ரல் 25 அன்று நேரடி வரிகள் வாரியம் விட்ட சுற்றறிக்கை. இப்படிப் புது டிரஸ்ட் என்று பதிந்துகொண்ட பழைய டிரஸ்டுகள் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, ஜூன் 30-க்குள் பழைய டிரஸ்டாகவே ஃபார்ம் 10ஏ போடலாம் என்றார்கள். ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவே போட்டு முடித்தோம்.

உங்களுக்கு அந்தச் சுற்றறிக்கை உதவாது. ஆனால் வேறு கதவு திறந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை மன்னித்து விண்ணப்பத்தை ஏற்கும் அதிகாரம் வருமான வரி ஆணையருக்கே உண்டு. விண்ணப்பத்தோடு காரணத்தை விவரமாக எழுதிக் கொடுங்கள். மருத்துவச் சீட்டு, இறப்புச் சான்று, எது இருக்கிறதோ எல்லாம் இணையுங்கள். சொந்த யோசனையில் எழுதாதீர்கள், ஆடிட்டர் எழுதட்டும். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முந்தைய இரண்டு வருஷமும் வருமானம் ஐந்து கோடியைத் தாண்டாத டிரஸ்டுக்கு இனி பதிவு பத்து வருஷம் செல்லும். 2025 நிதிச் சட்டம் செய்த மாற்றம் அது. 2025 செப்டம்பரில் விண்ணப்பித்து, டிசம்பரில் எங்களுக்குப் பத்து வருஷத்துக்கு ஆணை வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, பொருளாளர் படத்துக்குக் கீழே வைத்தோம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பொருளாளர் போன பிறகு வங்கியில் கையெழுத்து மாற்ற எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காகிதம். எல்லா டிரஸ்டிகளும் நேரில் வர வேண்டும் என்றார்கள். 84 வயது டிரஸ்டி அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தோம்; "சிஸ்டம் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க" என்றார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சேவை செய்கிறவர்களைத் திருடர்களைப் போல நிற்க வைப்பது எந்த விதியில் இருக்கிறது? தப்பு செய்கிற டிரஸ்டுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தனி விண்ணப்பம். 12ஏபி வந்தால் அதுவும் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை வருமான வரித் தளத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய்.

இதற்கெல்லாம் முன்னால் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எங்கள் பத்திரம் நாலாக மடித்தே 25 வருஷம் பீரோவில் கிடந்தது. நோக்கங்கள் எழுதியிருந்த வரியில்தான் மடிப்பு கிழிந்திருந்தது. ஸ்கேன் செய்தால் படிக்க முடியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. உங்களுடையதும் அப்படி இருந்தால் திங்கட்கிழமையே நகல் மனு போட்டுவிடுங்கள்.