'அப்பாச்சி' மெட்டை முதலில் வாசித்தவர் யார்?

வணக்கம். உங்களிடமுள்ள இரண்டு இசைத்தட்டுகளிலும், ஒன்றில் பெர்ட் வீடனும் மற்றொன்றில் தி ஷேடோஸ் குழுவும் வாசித்திருக்க, இயற்றியவராக ஜெர்ரி லார்டன் பெயரே இருப்பதால், எது மூலம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு உறைகளும் சொல்வது சரியே.

1954இல் வெளியான 'அப்பாச்சி' என்ற திரைப்படத்தின் தாக்கத்தில் லார்டன் அமைத்த இந்த வாத்திய இசையை, 1960இன் தொடக்கத்தில் முதலில் ஒலிப்பதிவு செய்தவர் கிதார் கலைஞர் வீடன்தான். ஆனால் அவர் வாசித்த விதம் லார்டனுக்குப் பிடிக்கவில்லை. பதிவும் உடனே வெளிவரவில்லை. அந்த இடைவெளியில், ஷேடோஸ் பக்கவாத்தியம் வாசித்துவந்த பாடகர் கிளிஃப் ரிச்சர்டுடன் அவர்கள் சென்ற இசைப்பயணத்தில் தாமும் பாடகராக இருந்த லார்டன், யூகலேலி என்ற சிறிய நான்கு தந்தி வாத்தியத்தில் மெட்டை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். ஜூன் மாதம் லண்டனில் ஒலிப்பதிவு, ஜூலையில் வெளியீடு, பிறகு பிரிட்டன் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். அதுவும் கிளிஃப் ரிச்சர்டின் பாட்டையே கீழே தள்ளிவிட்டு! ஷேடோஸ் பதிவின் தொடக்கத்தில் கேட்கும் சீன முரசை அடித்தவரும் அதே கிளிஃப்தான் என்பது வேடிக்கை.

ஆகவே பதிவில் மூத்தது வீடனுடையது, வெளியீட்டில் ஷேடோஸுடையது. என் காதுக்கு, ஷேடோஸின் கிதார் கலைஞர் ஹேங்க் மார்வினின் எதிரொலி கலந்த கிதார் நாதத்தில்தான் மெட்டு உயிர்பெறுகிறது. அமெரிக்கப் பதிப்பும் கிடைத்தால் குழம்பாதீர்கள்: அங்கே 1961இல் இரண்டாமிடம் பெற்றது டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் இங்மன் வாசித்த மூன்றாவது பதிவு.