மார்கழி விடுமுறையும் மூன்றாம் வகுப்பு மகளும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மகள் படிப்பது மூன்றாம் வகுப்பு. கடிதத்தின் கடைசி வரியில் நீட் தேர்வுக்கு இப்போதே அடித்தளப் பயிற்சி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை நாம் இருவரும் பத்திரமாக மடித்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பீரோவில் வைத்துவிடுவோம். மற்ற மூன்று கேள்விகளும் நியாயமானவை.

விடுமுறையில் படித்ததெல்லாம் மறந்துபோகுமா? டிசம்பர் கடைசி வாரத்தில் மூடி, புத்தாண்டு முடிந்ததும் திறக்கிற பள்ளி அது. பத்து நாளில் எந்தக் குழந்தையும் எழுத்தை மறப்பதில்லை. வாய்ப்பாடு கொஞ்சம் தடுமாறும். அது ஒரு வாரத்தில் திரும்பிவிடும். என் அனுபவத்தில் குலைவது வேறு இரண்டு: தூங்கி எழும் நேரம், தானாக ஒரு புத்தகத்தை எடுக்கும் பழக்கம். நம் ஊர் ஜனவரி வேறு துண்டு துண்டான மாதம். திறந்து பத்து நாள் ஆவதற்குள் பொங்கல் வந்துவிடும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் குடியரசு தினம். டிசம்பரில் அறுந்த பழக்கம் பிப்ரவரியில்தான் மறுபடி ஒட்டும். கவலைப்பட வேண்டுமானால் அதற்குக் கவலைப்படுங்கள்.

டியூஷன் மாஸ்டர் விடுமுறையில் தினமும் மூன்று மணி நேரச் சிறப்பு வகுப்பு என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2020இல் பள்ளிப் பை குறித்த கொள்கை ஒன்றை வெளியிட்டது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் போதும் என்றும் அது சொல்கிறது. வாரத்துக்கு 2 மணி நேரம் எங்கே, நாளுக்கு 3 மணி நேரம் எங்கே? அனுப்பாதீர்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டால், ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். கலந்தாய்வுக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்து, "கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, பார்த்துச் சொல்" என்பேன். 600க்கு 550 எடுத்த பிள்ளை நான்கு வரி படித்துவிட்டு, பக்கத்தை அப்பாவிடம் நீட்டிவிடும். படிக்கத் தெரியாமல் இல்லை. யாரும் விளக்கிச் சொல்லாத ஒரு பக்கத்தோடு தனியாக உட்கார்ந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் எட்டு, ஒன்பது வயதில் எளிதாக வருகிறது. பதினேழில் நான் எவ்வளவு முட்டினாலும் வருவதில்லை. ஆகவே இந்த விடுமுறையில் ஒரே ஒரு காரியம்தான் உங்களால் முடியும் என்றால், தினமும் இருபது நிமிடம் அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் படிக்கவிடுங்கள். கேள்வி கேட்காதீர்கள். "என்ன புரிந்தது, சொல்" என்று கேட்ட உடனே அது பாடமாகிவிடும்.

மதுரையில் இருக்கிறீர்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு ஒரு பகலை அங்கே கழியுங்கள். புத்தகத்தை அவளே எடுக்கட்டும். இரண்டாம் வகுப்புக்கான படக்கதையை எடுத்தால், "இது சின்னப் பிள்ளைகள் படிப்பது" என்று பிடுங்காதீர்கள். தடுமாறாமல் படித்து முடித்த புத்தகம்தான் அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும்.

இனி சைக்கிள் விஷயம். பயிற்சி நூல் முழுவதையும் முடித்தால் சைக்கிள் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறாராம். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் இன்னும் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மழலையர் பள்ளியில் படம் வரைவதை விரும்பிய குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்கு "வரைந்தால் பரிசுப் பட்டயம் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். பட்டயமும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் வண்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே அவற்றைத் தொட்டார்கள். முன்பு ஆசையாகச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. சைக்கிளை வாங்கிக் கொடுங்கள், தாராளமாக. பொங்கலுக்கு என்று சொல்லிக் கொடுங்கள். பயிற்சி நூலோடு முடிச்சுப் போட வேண்டாம்.

அப்படியானால் கணக்கு? நீங்கள் போவது சிவகங்கைப் பக்கம், அம்மாச்சி வீட்டுக்கு. மாதமோ மார்கழி. கணக்கு வாசலிலேயே கிடக்கிறது. போன வருடம் எங்கள் தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன். எதிர்வீட்டுப் பெண், உங்கள் மகள் வயதுதான், விடிகாலையில் ஸ்வெட்டரோடு பாட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பாட்டி வைத்தது ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி: நடு வரிசையில் ஏழு, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து நான்கில் முடியும். "மொத்தம் எத்தனை புள்ளி, சொல்லு பார்ப்போம்" என்றேன். முதலில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணி, பாதியில் தொலைத்தாள். மறுபடி எண்ணி, மறுபடி தொலைத்தாள். பிறகு கோலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "மேலேயும் நாலு, கீழேயும் நாலு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நான்கு எட்டு, இரண்டு ஐந்து பத்து, இரண்டு ஆறு பன்னிரண்டு, நடுவில் ஒற்றையாக ஏழு. முப்பத்தேழு! மறுநாள் பாட்டியிடம் ஒன்பது புள்ளி, ஐந்து வரை வைக்கச் சொல்லி, அவளாகவே 61 என்று கண்டுபிடித்து வந்து என் கதவைத் தட்டினாள். மணி ஆறேகால். பயிற்சி நூலின் எந்தப் பக்கத்துக்காகவும் ஒரு குழந்தை அந்த நேரத்தில் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

பஸ்ஸிலும் இதையே செய்யலாம். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஏறியதும் பணத்தை அவள் கையில் கொடுத்து, இரண்டு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் அவளே கேட்டு வாங்கட்டும். மீதிச் சில்லறையை அவளே எண்ணட்டும். வரிச்சியூர், பூவந்தி என்று வழியில் வருகிற பெயர்ப் பலகைகளைப் படிக்கட்டும். நடத்துநர் அவசரப்படுவார்தான், பரவாயில்லை.

வாய்ப்பாடு தடுமாறுகிறது என்றால், தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பயனில்லை. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி 1885இலேயே எழுதிவைத்துவிட்டார். அவர் மனப்பாடம் செய்தது பொருளே இல்லாத அசைகளை. ஏழாம் வாய்ப்பாடு அதைவிட மேல்.

மூன்றாம் பருவப் பாடநூலை இணையத்தில் இறக்கி முன்கூட்டியே நடத்தலாமா என்றும் ஓர் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். புதுப் புத்தகத்தின் வாசனையோடு பள்ளி திறக்கும் நாளுக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்ச ஆர்வத்தையும் நாமே தின்றுவிடக் கூடாது.

கைபேசியை முழுக்கப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். நானும் அப்படி இருப்பதில்லை. சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் மட்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் சேர்த்து. பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பே மதுரைக்குத் திரும்பிவிடுங்கள். முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் இன்னோர் அரை மணி என்று எழுப்பும் நேரத்தை முன்னால் இழுங்கள். கடைசி இரவில் ஒன்பதுக்குப் படுக்கச் சொன்னால் அவளால் முடியாது. விடுமுறைக்குப் பள்ளி ஏதாவது எழுதித் தந்திருந்தால் அதை நாளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, கிளம்புமுன்பே தொடங்கிவிடுங்கள். என் மகனுக்கு ஒரு பள்ளியில் பாடம் முழுவதையும் மூன்று முறை பார்த்து எழுதும் வேலை தந்தார்கள். கடைசி இரவு பதினொன்றரை மணிக்கு அவன் அழுதுகொண்டே தூங்க, மிச்சத்தை இடது கையால் நான் எழுதினேன். ஆசிரியை கண்டுபிடித்துவிட்டார்.

திறந்த வாரத்தில் விடைத்தாள்கள் வரும். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, அவள் தவறவிட்ட ஒரே ஒரு கணக்கை எடுத்து, "இதை எப்படி யோசித்தாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை அப்படியே ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு, அவளுக்கு டியூஷன் தேவையா என்பதைப் பேசுவோம்.