பத்திரிகை எழுதாமலா இருந்திருக்கும்?

கேள்வி: குர்துகள், ஆர்மீனியர், கிரேக்கர் பட்ட துயரம் என்று துருக்கியிலிருந்து வரும் படங்கள் எல்லாம் ஐரோப்பிய விருதுக்காக எடுக்கப்படுபவைதானே? அவ்வளவு கொடுமை நடந்திருந்தால் அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதாமலா இருந்திருக்கும்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எழுதின. அவை எழுதிய விதத்தால்தான் 1955 செப்டம்பர் 6 அன்று இஸ்தான்புல் அப்படி எரிந்தது.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்ததாக 'இஸ்தான்புல் எக்ஸ்ப்ரெஸ்' என்ற ஏடு அன்று பிற்பகல் சிறப்புப் பதிப்பு போட்டது. வழக்கமாக 20,000 பிரதி அளவில் விற்கும் ஏடு, அன்று 2,90,000 வரை அச்சானதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு காகிதம் ஒரே மதியத்தில் தற்செயலாகச் சேராது. குண்டு வெடித்தது உண்மை. சேதம் சன்னல் கண்ணாடிகளோடு சரி. வைத்தவர்கள் கிரேக்கர்களும் அல்ல, துருக்கித் தூதரகத்தோடு தொடர்புள்ளவர்கள். அது வெளியே வருவதற்குள் இஸ்தான்புல் கிரேக்கர்களின் ஆயிரக்கணக்கான கடைகளும் வீடுகளும், எழுபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களும் சூறையாடப்பட்டுவிட்டன. ஆர்மீனியர், யூதர் கடைகளும் தப்பவில்லை. இந்த இரவைத் தொம்ரிஸ் கிரித்லியோலு 'கூஸ் சன்ஜிஸி' என்று படமாக எடுத்தது 2009-ல். இடையில் 54 ஆண்டுகள். கலவரத்தைவிடக் காதலுக்கு அதிக இடம் கொடுத்துவிட்ட படம் என்பது என் குறை. ஆனாலும் அந்த இரவை ஊரறியத் திரையில் வைத்தார்.

சரி, நேர்மையாக எழுதிய பத்திரிகை ஒன்றுகூட இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1992-ல் தொடங்கிய 'ஓஸ்குர் குண்டெம்'. குர்துப் பகுதிகளில் எரிக்கப்பட்ட கிராமங்களையும் காணாமல் போனவர்களையும் அது எழுதியது. அதில் எழுதிவந்த மூத்த குர்து எழுத்தாளர் மூசா அன்தெர் அதே ஆண்டு செப்டம்பரில், குர்துகள் நிறைந்த தென்கிழக்கு நகரமான தியார்பகிரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிருபர்கள் மட்டுமல்ல, வீதியில் ஏட்டை விற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். 1994-ல் ஏடு மூடப்பட்டது. செதாத் யில்மாஸின் 'ப்ரெஸ்' (2010) அந்த ஏட்டின் தியார்பகிர் அலுவலகத்துக்குள் நடக்கும் படம். அதில் ஒரு செய்தி சேகரிப்பதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம். அச்சான ஏட்டைக் கடைக்குக் கொண்டுசேர்ப்பது அதைவிடப் பெரிய போராட்டம். பத்திரிகைத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்க்க வேண்டும். நான் பார்த்துவிட்டு அன்று வேலை செய்யவில்லை.

ஓஸ்ஜான் அல்பெரின் 'சொன்பஹார்' (2008) இன்னொரு வழியில் போகிறது. 2000 டிசம்பரில் சிறைகளில் உண்ணாவிரதம் இருந்த அரசியல் கைதிகள்மீது பாதுகாப்புப் படைகள் பாய்ந்தன. முப்பது கைதிகள் இறந்த அந்த நடவடிக்கைக்கு அரசு வைத்த பெயர் 'வாழ்வுக்குத் திரும்புதல்'. அன்று எடுக்கப்பட்ட நிஜக் காட்சிகளையே அல்பெர் படத்துக்குள் கொண்டுவருகிறார், ஆனால் நுரையீரல் கெட்டு ஊருக்குச் சாகத் திரும்பிய ஒரு முன்னாள் கைதியின் நினைவாக. அவன் அம்மா பேசுவது ஹெம்ஷின்; ஆர்மீனிய மொழியின் ஒரு வட்டார வழக்கு. அதைப் பற்றிப் படம் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. மகனிடம் அம்மா பேசுகிறாள், அவ்வளவுதான்.

குர்து மொழியில் அச்சிடுவதையும் ஒலிபரப்புவதையும் 1983 முதல் 1991 வரை சட்டமே தடுத்திருந்தது. அந்த மக்களின் நினைவைச் செய்தித்தாளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வீட்டு அலமாரியில்தான் கிடைக்கும். 'பாபாமின் செசி' (2012) படத்தில் வெளிநாட்டில் வேலைபார்த்த தந்தைக்கும் குடும்பத்துக்கும் இடையே கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாக்கள் போய்வருகின்றன. அவற்றுக்குள், மராஷ் நகரில் அலெவி என்ற சிறுபான்மை மதப்பிரிவினர் கொல்லப்பட்ட 1978 படுகொலையும் இருக்கிறது. இயக்குநர்களில் ஒருவரான ஸெய்னெல் தோகான் தன் சொந்தக் குடும்பத்து நாடாக்களிலிருந்து எடுத்த படம் இது. அவரும் அவர் தாயாருமே நடித்திருக்கிறார்கள்.

விருதுக் கணக்குக்கு வருகிறேன். யில்மாஸ் குனெயின் 'யோல்' 1982-ல் கான் விழாவில் உயரிய விருது பெற்றது. அவர் நாட்டில் 1999 வரை தடை. சொந்த ஊரில் திரையிட விடாதபோது வெளிநாட்டு விழாவுக்குப் போகாமல் வேறெங்கே போவார்கள்? 2015-ல் இஸ்தான்புல் விழாவிலேயே 'பகூர்' என்ற குர்து ஆவணப்படத்தின் திரையிடல் நிறுத்தப்பட்டது. கண்டனமாகப் பல இயக்குநர்கள் தங்கள் படங்களை விழாவிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 'பகூர்' எடுத்த சாயன் தெமிரெல், எர்துருல் மாவியோலு இருவருக்கும் 2019-ல் நீதிமன்றம் கொடுத்தது நாலரை ஆண்டுச் சிறைத் தண்டனை.