கன்வர்ட்டர் போட்டால் ஓடும் என்கிறாரா கடைக்காரர்?

கேள்வி: என்னிடம் ஐ5-10400எஃப் பிராசஸர், 16 ஜிபி ரேம், பழைய ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேபினெட்டோடு வந்த 450 வாட். ஸ்டிக்கர் படம் அனுப்பியிருக்கிறேன். கேம் ஆட செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி வாங்கப் போகிறேன். அதற்கு வேண்டிய 8 பின் கேபிள் என் எஸ்எம்பிஎஸ்-இல் இல்லை. சாட்டா ஒயரை 8 பின்னாக மாற்றும் கன்வர்ட்டர் போட்டால் போதும், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (கல்லூரி மாணவர், திருப்பூர்)

நம்பாதீர்கள் தம்பி. அந்த கேபிள் இல்லை என்பதே போதும், இவ்வளவு பெரிய கார்டுக்காகச் செய்த பெட்டி இல்லை அது.

450 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிற டப்பாக்களில் பல சமயம் அது வெறும் மாடல் பெயர். ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். உங்கள் படத்தில் 16 இருக்கிறது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட், அவ்வளவுதான். கார்டும் பிராசஸரும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் சாப்பிட வேண்டும். 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும், கண நேரத்துக்கு அதைத் தாண்டியும் குதிக்கும், அப்புறம் பிராசஸருக்கு மிச்சம் எங்கே?

சரி, கன்வர்ட்டருக்கு வருவோம். இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஹார்ட் டிஸ்குக்குப் போகிற சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். கார்டின் 8 பின் வழியாக 150 வாட் வரை போகலாம். இரண்டு சாட்டாவைச் சேர்த்துக் கட்டினாலும் 108தான், அதுவும் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒல்லி ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் ஓடிவிடும் என்பதுதான் இதில் மோசம்: கடையில் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவார்கள், நீங்களும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போவீர்கள், மூன்று மணி நேரம் ஆடிய ஏதோ ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். அப்படி கனெக்டர் உருகி ஒட்டிப்போன மெஷின்கள் என் மேஜைக்கே வந்திருக்கின்றன.

550 வாட் எஸ்எம்பிஎஸ், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாமல், 80 பிளஸ் புரோன்ஸ் (80 Plus Bronze, மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச் சான்று) முத்திரையோடு வாங்குங்கள். 3060-க்கு என்விடியாவே சொல்வதும் 550தான். கார்டுக்கு முன்னால் இதை வாங்குங்கள், புதிதாக, பில்லோடு. "பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் குறையும்" என்று ஒரு வசனம் வரும், காதில் வாங்காதீர்கள். பில் இருந்தாலே வாரண்டி வாங்க நாய் படாத பாடு. கடைக்காரர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கை காட்டுவார், அவர் சர்வீஸ் சென்டரைக் கை காட்டுவார், அங்கே போனால் சீரியல் நம்பர் சிஸ்டத்தில் ஏறவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். பில்லும் இல்லையென்றால் கதவுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

உங்களுக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஆபீஸ்களில் இருந்து கழித்துக் கட்டிய டெல், எச்பி டெஸ்க்டாப்களை மலிவாக வாங்கியவர்கள் இந்த யோசனையை அப்படியே பின்பற்றக் கூடாது. அவற்றில் பலவற்றின் மதர்போர்டில் மின்சாரம் வாங்கும் வழக்கமான 24 பின் கனெக்டர் இருக்காது, 6 அல்லது 8 பின்தான். கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் நேரடியாகச் சேராது, சின்ன மாடல்களில் பெட்டிக்குள் உட்காரவே உட்காராது. அவர்களுக்கு 70 வாட்டில், தனி பவர் கேபிளே இல்லாமல் ஓடுகிற ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரி ஒன்றுதான் வழி. அதிலும் ஒல்லி கேபினெட்டாக இருந்தால் உயரம் குறைந்த (லோ புரொஃபைல்) குட்டைக் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும், அதற்கேற்ற குட்டை பிராக்கெட் (கார்டைக் கேபினெட்டில் திருகும் தகடு) டப்பாவில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும்.

உங்கள் 3060-க்குப் பணம் கொடுக்கும் முன், விற்பவர் மெஷினிலேயே கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். மெமரி 12 ஜிபி, அதன் பாதை (பஸ்) 192 பிட் என்று காட்ட வேண்டும். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டும் உண்டு, வேகம் குறைவு, புரோக்கர்கள் அதைச் சொல்லமாட்டார்கள்.

பழைய ஜிடி 710-ஐ முந்நூறு நானூறுக்குத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் எஃப் பிராசஸரில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. 3060 என்றாவது ரிப்பேருக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் ஏதாவது தெரிய இந்த 710தான் வேண்டும்.