மேசை மட்டமா, உணரி மட்டமா?

வணக்கம் தம்பி. பட்டர்வொர்த் வீட்டில் அலமாரி மாட்ட, அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை, சாய்வை அளக்கும் எம்பியு-6050 உணரி, ஐந்து எல்இடி விளக்குகள் கொண்டு மின்னணு ரசமட்டம் செய்திருக்கிறீர்கள். மேசைமேல் வைத்தால் நடுவிளக்குக்குப் பதில் பக்கத்து விளக்கு எரிகிறது, அதுவும் துடிக்கிறது என்கிறீர்கள். உணரியை மாற்ற வேண்டாம்.

மேசையை நம்பாதீர்கள். அளவைக் குறித்துக்கொண்டு, கருவியை அதே இடத்தில் 180 பாகை திருப்பி வைத்து மறுபடியும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் உணரியின் சொந்தப் பிழை. மேசையின் சாய்வு தானாகவே கழிந்துவிடும். கொத்தனார்கள் ரசமட்டத்தைத் திருப்பிவைத்துச் சோதிப்பதும் இதே கணக்குத்தான், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு! அந்தப் பிழையை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழியுங்கள்.

துடிப்புக்கு, 20 அளவுகளின் சராசரியை எடுங்கள். உணரியின் அளவு வரம்பை 2ஜி (புவியீர்ப்பின் இரு மடங்கு) என்று வைத்தால், ஒரு பாகைச் சாய்வுக்கு அது தரும் எண் ஏறத்தாழ 286 மாறும். பிழை கழித்த எண் இருபுறமும் 86-க்குள் வந்தால் நடுவிளக்கு எரியட்டும், 143-ஐத் தாண்டினால் மட்டுமே அணையட்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் எல்லையில் துடிப்பு நிற்காது. உணரியில் உள்ள சுழற்சிமானி (சுழலும் வேகத்தை அளக்கும் பகுதி) இதற்குத் தேவையில்லை.

உணரியை நுரை ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய என் உணரி, நம் ஊர் வெயிலில் நாடா இளகி மெல்லச் சாய்ந்துவிட்டது. திருகாணி போட்டு இறுக்கிய பிறகு மறுபடியும் திருப்பிச் சோதியுங்கள்.