ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி இருக்கே, பிறகு முதுகில் ஊசி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. ஏழு மாதத்துக்கு முன் வலது கண் மங்கியது; கண்ணை அசைத்தாலே வலி. சில வாரங்களில் தானே சரியாகிவிட்டது. இப்போது கால் இரண்டும் மரத்துப்போகிறது. குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறது என்கிறாள். எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள். 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா என்று பார்க்க முதுகில் நீர் எடுக்கணும்' என்கிறார் டாக்டர். ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். ஸ்கேன் போதாதா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: போதாது அம்மா. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கும்கூட மூளையில் வெள்ளைப் புள்ளி தெரியும். புள்ளிகள் எங்கே இருக்கின்றன, எல்லாம் ஒரே சமயத்தில் வந்தவையா என்பதுதான் முக்கியம். நரம்பு மண்டலத்தில் ஓரிடத்துக்கு மேல், ஒரு தடவைக்கு மேல் தாக்குதல் நடந்ததற்குச் சாட்சி தேடுவார்கள். இந்த நோயை உறுதிசெய்யத் தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது.

உங்கள் மகள் சொல்வதிலேயே பாதி சாட்சி இருக்கிறது: அன்று கண், இன்று தண்டுவடம். கண் மங்கியதை நரம்பு டாக்டரிடம் சொன்னீர்களா? 'அதுதான் சரியாகிவிட்டதே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்ததா என்று அவளிடம் கேளுங்கள். கண் டாக்டர் எழுதிய பழைய சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள். வி.இ.பி. பரிசோதனை (கண்ணில் பட்ட காட்சி மூளைக்குப் போய்ச்சேரும் வேகத்தை அளப்பது), ஆறிப்போன பார்வை நரம்புப் பாதிப்பையும் பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

இனி ஊசி. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. கால் விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சிலருக்குச் சில நாள் தலைவலி வரும். எழுந்தால் கூடும், படுத்தால் குறையும். அன்றே ரத்தமும் எடுப்பார்கள். ஒலிகோகுளோனல் பட்டைகள் என்ற புரதங்கள் ரத்தத்தில் இல்லாமல் முதுகு நீரில் மட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

நான் அதைவிட வற்புறுத்துவது அக்வாபோரின்-4, மாக் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனைகளை. எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறொரு நோய் உண்டு; அதைப் பிரித்தறிய இவை உதவும். எம்.எஸ்.ஸுக்குத் தரும் மருந்துகளில் சில அதை மோசமாக்கிவிடும். ஸ்டீராய்டு தொடங்குமுன்பே இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது நல்லது. பி-12 குறைவு, காசநோய் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொரு டாக்டரிடம் கேட்க நினைத்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவோ போகலாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சி.டி.யும் கையில் இருக்கட்டும். இதற்கிடையில் சிறுநீர் நின்றாலோ கால் பலமிழந்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதி பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.