வாசகர் கேள்விகள்: தோல் ஒவ்வாமையை ஆய்வுகூடம் எப்படி அறிகிறது?

கேள்வி: என் அம்மா பல வருடங்களாக ஒரே வகைத் தலைமயிர்ச் சாயத்தையே பூசி வருகிறார். கடந்த மாதம் பூசிய மறுநாள் இரவு நெற்றியோரமும் காதுகளும் கடியெடுத்துச் சிவந்தன. விடிந்தபோது கண்ணிமைகள் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தன. பெட்டியிலோ “ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் எதைத்தான் பரிசோதித்தார்கள்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அம்மா அந்தச் சாயத்தை மட்டுமல்ல, வேறெந்தத் தலைமயிர்ச் சாயத்தையும் இப்போதைக்குத் தொடவேண்டாம். வெறும் பெட்டியை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு தோல் நோய் வைத்திய நிபுணர் ஒருவரைப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்டுள்ள மூலப்பொருட் பட்டியல் அவருக்கு மிகவும் உதவும்.

கருமை தரும் நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் பரா-பீனைலீன்டயமீன், சுருக்கமாகப் பி.பி.டி., என்ற இரசாயனம் இருக்கிறது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஆற்றல் அதற்கு மிக அதிகம் என்பது ஆய்வுகூடங்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் கலவையில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதியே உண்டு. பரிசோதித்து, ஆற்றலை அளந்து, அதற்கேற்ப எல்லை வகுத்து, எச்சரிக்கையும் அச்சிட்டு விற்க அனுமதித்த பொருள் அது. ஆகவே “பரிசோதிக்கப்பட்டது” என்பதை “எவருக்கும் ஒன்றும் செய்யாது” என்று வாசிக்கக்கூடாது. ஆய்வுகூடம் சொல்வது இரசாயனத்தின் இயல்பை. உங்கள் அம்மாவின் உடல் அதனை எப்படி ஏற்கும் என்பதை அதனால் சொல்ல முடியாது.

பல வருடம் பூசியும் வராதது இப்போது ஏன் வந்தது என்பதும் உங்கள் கவலையாக இருக்கும். இந்த ஒவ்வாமை இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டத்தில் உடல் அந்தப் பொருளை அந்நியமெனப் பதிவு செய்கிறது. அப்போது வெளியே எதுவும் தெரியாது. அது முதற்தடவையிலும் நடக்கலாம், பல வருடங்களின் பின்னரும் நடக்கலாம். பதிவானபின் அடுத்த முறை படும்போதுதான், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களில், கடியும் வீக்கமும் தோன்றுகின்றன. திருவிழாக் காலங்களில் பிள்ளைகளின் கையில் போடும் “கறுப்பு மருதோன்றி” விடயத்தில் நான் பெற்றோரைக் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். இயற்கை மருதோன்றி செம்மண்ணிறமே தரும். கன்னங்கரேலென்று உடனே பிடித்தால் அதில் பி.பி.டி. கலந்திருக்க இடமுண்டு. சிறுவயதில் அப்படிப் பதிவான உடல், முப்பது வயதில் தலைக்குச் சாயம் பூசும்போது அதனை மறந்திருக்காது.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் கற்கிறேன். விலங்குகள் இல்லாமல் சோதனைக் குழாயிலேயே ஒவ்வாமையைப் பரிசோதிக்கலாம் என்கிறார்கள். நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதியே இல்லாத குழாயில் இது எப்படிச் சாத்தியம்?
– மாணவர், கொக்குவில்

பதில்: குழாய்க்குள் ஒவ்வாமை வருவதில்லை, ஒவ்வாமைக்கு வழிவிடும் படிகளைத்தான் அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

சாயத்திலோ வாசனைத் திரவியத்திலோ உள்ள மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தனியே நின்றால் நிர்ப்பீடனத் தொகுதி அவற்றைக் கண்டுகொள்ளாது. அவை தோலின் புரதங்களோடு பிணைந்த பின்னரே அந்நியமாகத் தெரிகின்றன. எளிய இரசாயனங்கள் தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும் ஆற்றலுக்கும் புரதத்தோடு பிணையும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை லாண்ட்ஸ்டைனர், ஜேக்கப்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1935 இலேயே கினிப்பன்றிகளில் காட்டினர். இன்றைய முதற்சோதனை அந்தப் பிணைப்பையே பார்க்கிறது. சிஸ்டீன் அல்லது லைசீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்ட செயற்கைப் பெப்தைட்டுகளோடு, அதாவது சிறு புரதத் துண்டுகளோடு, இரசாயனத்தைக் கலந்து, 25 பாகை செல்சியசில் ஒரு நாள் வைத்து, பெப்தைட் எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். இரண்டினதும் சராசரிக் குறைவு 6.38 சதவீதத்தைத் தாண்டினால் அது பிணையும் பொருள் எனக் கொள்கிறார்கள்.

இரண்டாவது சோதனை தோலின் மேற்பரப்புக் கலங்களில் நடக்கிறது. ஆபத்தான பொருள் பட்டதும் அக்கலங்கள் சில பாதுகாப்பு மரபணுக்களை இயக்கும். அந்த இயக்கத்தோடு ஒளி உமிழும் நொதியொன்றின் மரபணுவையும் இணைத்துவிட்டால், ஒளி 1.5 மடங்கு கூடும்போது எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. மூன்றாவது, தோலிலிருந்து, நிர்ப்பீடனக் கலங்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுவுக்குச் செய்தி கொண்டு செல்லும் கிளையுருக் கலங்களைப் பற்றியது. அவற்றுக்குப் பதிலாக ஒரு வெண்குருதிக் கலவகையை வளர்த்து, தூண்டப்பட்டதைக் காட்டும் இரண்டு மேற்பரப்புப் புரதங்கள் கூடுகின்றனவா எனப் பார்ப்பார்கள். பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு இச்சோதனைகளை 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வழிகாட்டல்களாக ஏற்றது. மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் அதனையே முடிவாகக் கொள்ளலாம் என்ற முறையை 2021 இல் ஏற்றுக்கொண்டது.

இதற்கு முன்னர் நிலவிய சுண்டெலிச் சோதனையையும் அறிந்துகொள்ள வேண்டும். மூன்று நாட்கள் தொடர்ந்து காதின் பின்புறத்தில் இரசாயனத்தைப் பூசி, ஆறாம் நாளில் பெருகும் கலங்கள் உள்ளெடுக்கும் கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தி, காதருகே உள்ள நிணநீர்க் கணுக்களில் கலங்கள் எவ்வளவு பெருகின என்று அளப்பார்கள். பெருக்கம் மூன்று மடங்கானால் ஒவ்வாமைப் பொருள். எவ்வளவு செறிவில் அந்த மூன்று மடங்கு வருகிறது என்பதிலிருந்து பொருளின் வீரியமும் தெரிந்தது. அது இச்சோதனையின் பெரிய பலம். ஆயினும் எலி மனிதனல்ல. கவரிங் தோட்டால் காது புண்ணாகும் எத்தனையோ பேருக்குக் காரணமான நிக்கலை இச்சோதனை சரியாக இனங்காணவில்லை. மனிதரில் நிக்கல் நேரடியாக இணைகின்ற, கலத்துக்கான சமிக்ஞைகளை ஏற்கும் ஒரு வாங்கிப் புரதம் எலியில் வேறுபட்ட அமைப்பில் இருப்பதே காரணம் என்பது 2010 இல் தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் பரிசோதித்த அழகுசாதனங்களின் விற்பனையை 2013 இல் முற்றாகத் தடைசெய்ததை நான் இரக்கத்தின் பொருட்டு மட்டுமன்றி, இக்காரணத்துக்காகவும் வரவேற்கிறேன்.

குழாய்ச் சோதனைகளுக்கும் குறைகள் உண்டு. நீரில் கரையாத பொருட்கள் தப்பிவிடலாம். உடலின் நொதிகளால் மாற்றமடைந்த பின்னரே பிணையும் பொருட்களும் அவ்வாறே. உலோகங்களுக்குப் பெப்தைட் சோதனை பொருந்தாது. ஆகவே ஒற்றைச் சோதனையின் “இல்லை” என்ற விடையை நம்பி ஒரு பொருளைச் சந்தைக்கு விடுவதை ஏற்க முடியாது.

கேள்வி: என் கணவர் மேசன் வேலை செய்கிறார். இரு கைகளும் வெடித்துக் கடிக்கின்றன. சீமெந்துதான் காரணமா என்று எப்படி உறுதிப்படுத்துவது?
– வாசகி, சுன்னாகம்

பதில்: சீமெந்தின் காரத்தன்மையே கையை அரிக்கும், அது ஒவ்வாமையல்ல. ஆனால் சீமெந்தில் சிறிதளவு இருக்கும் ஆறு வலுவளவுக் குரோமியம் என்ற உலோக வடிவம் உண்மையான ஒவ்வாமையைத் தரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒட்டுச் சோதனை செய்தே பிரித்தறிய வேண்டும். சந்தேகிக்கும் பொருட்களைச் சிறிதளவில் முதுகில் ஒட்டி, 48 மணித்தியாலத்தில் எடுத்துப் பார்த்து, பின்னர் இன்னொரு நாளும் வைத்தியர் பார்ப்பார். சீமெந்தை வீட்டில் தோலில் ஒட்டிப் பார்க்கவேண்டாம். அது தோலை எரித்துவிடும். சோதனைக்கு நாள் கிடைக்கும்வரை, ஈரச் சாந்து உள்ளே புகாத நீளமான கையுறை அணியச் சொல்லுங்கள். சாந்து புகுந்த கையுறையைக் கழற்றாமல் வேலை செய்வது வெறுங்கையோடு வேலை செய்வதைவிட மோசமானது.